தொடர்பு எல்லையும் மொழி எல்லையும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் கைப்பேசிச் சேவையின் வரலாறு

முன்னுரை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு பகுதிகளிலும் வழங்கும் தமிழைப் பற்றிப் பேசுவோர், அதில் புகுந்துள்ள மலையாளச் சொற்களையே முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். அது தவறன்று. ஆயினும், ஒரு மொழி வழங்கும் எல்லையை மக்களின் பேச்சு மட்டுமே வரையறுப்பதில்லை. அஞ்சல், தொடர்வண்டி, வானொலி போன்ற பொதுச் சேவைகளும் தத்தம் ஆட்சிப் பிரிவுகளை வகுத்துக்கொண்டு, அப்பிரிவுகளின் மொழியைத் தம் பயனாளரிடம் கொண்டு சேர்க்கின்றன. 1996க்குப் பின்னர் இவ்வரிசையில் சேர்ந்தது கைப்பேசி. அச்சேவை இவ்விரு மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் மொழியை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் சில சொல்லாய்வுக் குறிப்புகளும் இடையிடையே தரப்பெறுகின்றன.

கைப்பேசியை முன்னிட்டுக் கேரளத்தில் நிகழ்ந்த ஆய்வுகளுள் உலகறிந்தது இராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட பொருளியல் ஆய்வாகும். 1997 முதல் 2001 வரையிலான காலத்தில் வடகேரளக் கடற்கரையில் கைப்பேசி பரவியதும், மீனவர் கடலில் இருந்தபடியே கரையிலுள்ள சந்தைகளின் விலையைக் கேட்டறிந்ததும், அதனால் சந்தைக்குச் சந்தை இருந்த விலை வேறுபாடு சுருங்கி, விற்காமல் வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமற் போனதும் அதில் காட்டப்பெற்றன. மீனவரின் ஆதாயம் 8 விழுக்காடு உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. அவ்வாய்வில் மொழி ஒரு காரணியாக இடம்பெறவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. கடலில் பேசியவரும் கரையில் கேட்டவரும் ஒரே மொழியினர், ஒரே மாநிலத்தினர். அதே மாநிலத்தின் கிழக்கு ஓரத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. வேலந்தாவளத்துக் காய்கறி வணிகரின் பேச்சு கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் போகிறது. ஏலக்காய் வணிகரின் பேச்சு புற்றடிக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே நடக்கிறது. பேசும் மொழி ஒன்றாயினும், இடையில் ஒரு மாநில எல்லை உண்டு. அந்த எல்லை கைப்பேசிக்குத் தெரியும்.

கம்பியும் தந்தியும்

கைப்பேசிக்கு முன் வந்த சேவையிலிருந்தே தமிழும் மலையாளமும் பெயரிடுவதில் பிரிந்தன. மின்வழிச் செய்தியைத் தமிழ் ‘தந்தி’ என்றது. மலையாளம் ‘கம்பி’ என்றது. தந்தி என்பது வடசொல் வழி வந்தது. யாழ், வீணை ஆகியவற்றின் நரம்பைக் குறித்தது. கம்பியோ தமிழும் மலையாளமும் பொதுவாகக் கொண்ட சொல். இரண்டும் செய்தி செல்லும் பொருளின் பெயரைச் செய்திக்கு ஏற்றிய ஆகுபெயர்களே. ஆயினும், தமிழில் தந்தி என்னும் சொல் செய்திக்கென்றே ஒதுங்கியதால், கம்பி தன் பழம்பொருளில் நின்றது. எனவே ‘கம்பியில்லாத் தந்தி’ என்று தமிழில் முரணின்றிக் கூற முடிந்தது. மலையாளத்தில் கம்பியே செய்தியுமாய் நின்றமையால் ‘கம்பியில்லாக்கம்பி’ என்னும் தொடர் பிறந்தது. முதற்கம்பி பொருள், இரண்டாம் கம்பி செய்தி. கேட்போர் குழம்பியதாகத் தெரியவில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கான தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. தமிழில் அச்சொல், 1942இல் தொடங்கப்பெற்ற நாளிதழ் ஒன்றின் பெயரில் இன்றும் நாள்தோறும் அச்சாகிறது.

தேயிலைத் தோட்டங்களில் தொலைபேசி வந்தது மேலாளர் பங்களாக்களையும் தொழிற்சாலைகளையும் இணைப்பதற்காகவே. மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில், கைப்பிடியைச் சுழற்றிப் பேசும் பழைய கருவிகளை இன்றும் காணலாம். தொழிலாளர் குடியிருப்பாகிய ‘லயத்து’க்கு அக்கம்பி வரவில்லை. அவர்களுக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலுள்ள சொந்த ஊர்களுக்கும் இடையே நெடுங்காலம் இருந்தவை கடிதமும், ஊருக்குப் போய்வருவோர் கொண்டுவரும் வாய்ச்சொல்லுமே. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் பொதுத் தொலைபேசி நிலையங்கள் பெருகியபோதுதான் தொழிலாளர் குடும்பங்கள் தொலைபேசியில் பேசத் தொடங்கின எனலாம். ‘எஸ்.டி.டி. பூத்’ என்னும் சொல் எல்லையின் இருபுறமும் ஒரே வடிவில் வழங்கியது. மொழிபெயர்க்கப்படாமையால் விளைந்த ஒற்றுமை அது.

மாநிலமும் வட்டமும்

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதற்கு முன் மாநிலச் சீரமைப்பு ஆணையம், திருவிதாங்கூர்–கொச்சியின் தென்கோடியிலிருந்த தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்கப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைக் கேரளத்துடனேயே வைத்தது. தோட்டத் தொழிலாளர் நிலையாகத் தங்காத மக்கள் என்பதும், அம்மலைப் பகுதியின் பொருளாதார இன்றியமையாமையும் அதற்குக் காட்டப்பெற்ற காரணங்கள். சித்தூரும் கேரளத்துடன் நின்றது. 1972இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. இவ்வரலாறு பலரும் அறிந்ததே. இதன் அரசியலுக்குள் ஈண்டுப் புகவேண்டியதில்லை. ‘நிலையாகத் தங்காத மக்கள்’ என்னும் கருத்து மட்டும் பின்னர் வேறு வடிவில் திரும்பி வருவதைக் காண்போம்.

1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியார்க்கு வழிதிறந்தது. 1995 ஜூலை 31இல் கல்கத்தாவிலிருந்து மேற்குவங்க முதல்வர் ஜோதிபாசு, மைய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது நாட்டின் முதற் கைப்பேசி அழைப்பாகக் கருதப்படுகிறது. கேரளத்தில் 1996 செப்டம்பர் 17இல் கொச்சியில் எஸ்கோடெல் நிறுவனம் சேவையைத் தொடங்கியது. நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை கடற்படைத் தளபதி ஒருவருடன் முதலில் பேசினார். ஓர் எழுத்தாளரைக் கொண்டு தொடங்கியதை மொழியாளர் மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்ளலாம். கேரளத்தின் மற்றோர் உரிமம் பி.பி.எல். நிறுவனத்துக்குக் கிடைத்தது. 1963இல் பாலக்காட்டில் தொழில் தொடங்கிய நிறுவனம் அது. சென்னை நீங்கிய தமிழ்நாட்டுக்கும் உரிமம் பெற்றது அதே நிறுவனமே. ஆயினும் வாளையாற்றுக்கு அப்பாலும் இப்பாலும் அதன் சேவை இரண்டு வேறு வலையமைப்புகளாகவே இயங்கியது. காரணம், உரிமம் ‘வட்டம்’ வட்டமாகவே வழங்கப்பெற்றது.

இச்சொல்லைச் சற்றே நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தின் ‘சர்க்கிள்’ என்பதற்குத் தமிழில் வட்டம் என்று பெயர்த்தனர். அஞ்சல் வட்டம், தொலைத்தொடர்பு வட்டம் என்பன வழக்கில் உள்ளன. ஆனால் தமிழ்நாட்டு ஆட்சித் தமிழில் தாலுகாவுக்கும் வட்டம் என்றே பெயர். இதனால் ‘தேவிகுளம் வட்டம் கேரள வட்டத்தைச் சேர்ந்தது’ என்னும் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவும் பொருள்நோக்கில் மயக்கமாகவும் அமைகிறது. எல்லையின் கேரளப் பக்கத்துத் தமிழர் தாலுகா என்றே கூறுவதால் அவர்க்கு இம்மயக்கம் இல்லை. மொழிபெயர்ப்பாளர்க்கே உண்டு.

வட்டங்கள் பெரும்பாலும் மாநில எல்லையைத் தழுவியவை. எனினும், விலக்குகள் இல்லாமல் இல்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாகி, தொலைத்தொடர்பில் கேரள வட்டத்தில் உள்ளது, இலட்சத்தீவும் அவ்வாறே. நிலவமைப்பும் மொழியும் கருதி மாகிக்குச் செய்யப்பெற்ற ஏற்பாடு பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளுக்குச் செய்யப்படவில்லை. பாலக்காடு மாவட்டத்தின் பறம்பிக்குளத்துக்குச் சாலை வழியே செல்ல வேண்டுமாயின் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் எனத் தமிழ்நாட்டின் வழியாகவே செல்ல வேண்டும். சாலை தமிழ்நாட்டின் வழியே; வட்டம் கேரளத்தினுடையது. கம்பிவழித் தொலைபேசியிலோ பாலக்காட்டின் 0491உம் கோயம்புத்தூரின் 0422உம் நான்கில் தொடங்கும் ஒரே எண்குடும்பத்தைச் சேர்ந்தவை. அஞ்சற் குறியீட்டிலும் இரு மாநிலங்களும் ஆறில் தொடங்குவனவே. முந்தைய சேவைகள் தென்கோடியை ஒரே மண்டலமாகக் கண்டன; கைப்பேசி உரிமங்கள் அதை இரண்டாக வகுத்தன.

வீட்டிலிருந்தபடியே ‘ரோமிங்’

வானலைக்கு மாநில எல்லை தெரியாது. ஒரு கோபுரத்தின் அலை எல்லையைக் கடந்து சில கல் தொலைவு பரவுதல் இயல்பு. கைப்பேசி தன் சொந்த வலையமைப்பையே முதலில் தேடும். அது வலுவின்றி இருப்பின், உடன்பாடுள்ள மற்றொரு வலையமைப்பில் தன்னைப் பதிவு செய்துகொள்ளும். எனவே கொழிஞ்சாம்பாறையிலோ கோபாலபுரத்திலோ, தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவரின் கைப்பேசி தமிழ்நாட்டு வட்டத்துக்குப் போய்விடுவதுண்டு. கம்பமெட்டிலும் போடிமெட்டிலும் இதன் மறுதலையும் நிகழும். அப்போது அவர் ‘ரோமிங்’கில் இருக்கிறார். இச்சொல்லுக்கு அலைதல், சுற்றித் திரிதல் என்பனவே பொருள். இங்கோ அலைந்தது ஆளன்று, அலை. தமிழில் இதற்கு முன்மொழியப்பட்ட ஆக்கச் சொற்களுள் ஒன்றும் நிலைபெறாமைக்கு இப்பொருட் பொருத்தமின்மையும் ஒரு காரணமாகலாம் என்பது என் ஊகம்.

இது வெறும் சொற்சிக்கல் அன்று. காசுச் சிக்கலும் ஆகும். தொடக்க ஆண்டுகளில் நெரிசல் நேரத்தில் நிமிடம் ஒன்றுக்கு 16 ரூபாய்க்கும் மேற்பட்ட கட்டணம் இருந்தது; அழைப்பைப் பெறுவோரும் கட்டணம் செலுத்தினர். பெறும் அழைப்புக்குக் கட்டணமின்மை 2003 மே மாதத்தில் வந்தது. ஆனால் அது சொந்த வட்டத்துக்குள் மட்டுமே. அயல்வட்டத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொண்ட கைப்பேசிக்கு வரும் அழைப்பு தொடர்ந்து காசைத் தின்றது. எல்லையோரத்து மக்கள் கைப்பேசியின் அமைப்புப் பட்டியலுக்குள் சென்று வலையமைப்பைக் கையால் தேர்ந்து பூட்டிவைக்கக் கற்றுக்கொண்டனர். ஆங்கிலம் அறியாதோரும் அப்பட்டியலின் வரிசையை மனப்பாடமாக அறிந்திருந்தனர். இரண்டு வட்டத்து எண்களை இரண்டு கைப்பேசிகளிலோ, பின்னர் இரட்டைச் சிம் கருவியிலோ வைத்திருப்பது ஆடம்பரமன்று, சிக்கனம். 2006இல் அரசு நிறுவனமாகிய பி.எஸ்.என்.எல். நாடு முழுமைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தது. 2015 ஜூன் முதல் தன் பயனாளர் அயல்வட்டத்தில் பெறும் அழைப்புகளைக் கட்டணமற்றதாக்கியது. அதே ஆண்டு ஜூலையில், வட்டம் மாறினும் எண்ணை மாற்றாமல் வைத்துக்கொள்ளும் வசதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. காசைப் பொறுத்தவரை எல்லை இவ்வாறு மங்கியது. மொழியைப் பொறுத்தவரை மங்கவில்லை.

வரிக்காரனும் பரிதியும்

கைப்பேசி நிறுவனத்தின் பதிவுக்குரல் வட்டத்தின் மொழியில் பேசும். கேரள வட்டத்தில் மலையாளம், ஆங்கிலம், இந்தி எனத் தெரிவுகள் அமைந்தன. நான் எல்லைப் பகுதியில் தங்கியிருந்த காலத்தில், தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்காக ஒரு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். மூன்று மொழிகளையும் கேட்டபின், தமிழ் எங்கே என்று அவர் என்னை வினவினார். என்னிடம் மறுமொழி இல்லை. மலையாளத்தையே அழுத்தினோம், அவருக்கு அது நன்கு விளங்கியது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லைப் பகுதித் தமிழர் மலையாளம் கேட்டறிவதில் இடர்ப்படுவோர் அல்லர். இடர் எழுத்தில்தான். தமிழ் வழிப் பள்ளியில் பயின்ற பலர்க்கு மலையாளப் பேச்சு செவிக்கு எளிது. மலையாள எழுத்து கண்ணுக்கு அரிது.

பேச்சிலும் சில இடங்களில் போலி உறவுச் சொற்கள் காலை வாருகின்றன. மலையாளத்தில் சந்தாதாரரை ‘வரிக்காரன்’ என்பர். சந்தாத் தொகை ‘வரிசங்க்ய’. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருவோர்க்கு இது வரி தண்டும் அலுவலரை நினைவூட்டும். தொடர்பு கிடைக்காதபோது மலையாளக் குரல், அழைக்கப்பெற்றவர் ‘பரிதி’க்குப் புறத்தே உள்ளதாக அறிவிக்கும். வடமொழிப் ‘பரிதி’ சுற்றெல்லையைக் குறிப்பது. அதே சொல் தமிழில் வழங்கும்போது இலக்கியம் பயின்றவர்க்குக் கதிரவனையே முதலில் உணர்த்தும். தமிழ்நாட்டுக் குரலோ ‘தொடர்பு எல்லை’ என்னும் தொடரைக் கையாண்டது. நல்ல ஆக்கமே. ஆயினும் எல்லை என்பது தமிழில் மாநில எல்லைக்கும் பெயராதலின், எல்லையோரத்தில் நிற்பவர்க்கு அது இரட்டுற மொழிதலாகிவிடுகிறது.

மக்கள் வழக்கு இவ்வளவு தொல்லைப்படுவதில்லை. தொடர்பின்மையைத் தமிழ்நாட்டில் ‘டவர் இல்லை’ என்றும் ‘சிக்னல் இல்லை’ என்றும் கூறுவர். கேரளத்தில் ‘ரேஞ்ச் இல்ல’ என்பர். மூன்றும் ஆங்கிலச் சொற்களே, தெரிவு வேறுபடுகிறது. தமிழ்நாட்டு வழக்கு கண்ணால் காணும் கோபுரத்தைப் பற்றிக்கொண்டது. கேரள வழக்கு அலை சென்றெட்டும் பரப்பைப் பற்றிக்கொண்டது. தந்திக் காலத்தில் கருவியின் பெயரால் செய்தியைச் சுட்டிய மலையாளம் இம்முறை கருவியை விட்டது. தமிழ் அதைப் பிடித்தது. கேரள எல்லைக்குள் வாழும் தமிழர் பேச்சில் ரேஞ்சே மிகுதியாகக் கேட்கிறது. சொல் மாறும் இடமும் மாநில எல்லையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைவது, இச்சொல்லை மக்கள் அயலாரிடமிருந்து மட்டுமின்றிக் கடைக்காரர், விளம்பரம், சேவை மையம் வழியாகவும் பெற்றனர் என்பதற்குச் சான்று. மரபான ஒலிக்கூறுகளின் எல்லைக்கோடுகள் இவ்வளவு ஒழுங்காக மாநில எல்லையைப் பின்பற்றுவதில்லை. இடுக்கியில் இச்சொல்லுக்கு ஒரு தனிச் சுவையும் உண்டு. அம்மலைநாட்டுக்கே ‘ஹைரேஞ்ச்’ என்று பெயர். ஹைரேஞ்சில் ரேஞ்ச் கிடைப்பதில்லை என்னும் சிலேடைக்கு அங்கே உரை தேவையில்லை.

கருவியின் பெயரிலும் ஒருமை இல்லை. தமிழ்நாட்டில் செல்பேசி, கைப்பேசி, அலைபேசி, செல்லிடப்பேசி எனப் பல, இலங்கையில் கையடக்கத் தொலைபேசி, சிங்கப்பூரில் கைத்தொலைபேசி. கேரளத் தமிழர் எழுத்திலும் தமிழ்நாட்டு இதழ்களின் வழக்கே செல்வாக்குப் பெற்றுள்ளது. பேச்சில் ‘போன்’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்குரையில் இடத்தைச் செலவிட விரும்பவில்லை.

எழுத்தின் விலை

குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 எண்மி. உரோமன் எழுத்தில் 160 குறிகள் அதில் அடங்கும். ஒருங்குறித் தமிழில் 70 குறிகளே அடங்கும். ‘க்’ என்பதற்கு இரண்டு குறி, ‘கி’ என்பதற்கும் இரண்டு குறி ஆதலின், எழுத்து எண்ணிக்கை இன்னும் சுருங்கும். தமிழ் எழுத்தைக் காட்டவே இயலாத கருவிகள் வழக்கில் இருந்த காலத்தில், எல்லையின் இருபுறத்தும் இளைஞர் உரோமன் எழுத்திலேயே தம் மொழியை எழுதினர். விளைவு விந்தையானது. தமிழ், மலையாளம் என்னும் எழுத்து வேறுபாடு மறைந்து, ஒரு மொழியில் எழுதிய செய்தியை மற்ற மொழியார் ஏறக்குறையப் படித்துவிட முடிந்தது. 2005இல் சிங்கப்பூரில் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ கைப்பேசியில் தமிழ் எழுத வழிசெய்தது. 2016இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த தரம், நாட்டில் விற்கப்படும் கைப்பேசிகள் 22 மொழிகளின் எழுத்துகளையும் படிக்கத் தக்கவாறு காட்ட வேண்டும் என்றது. உள்ளிடுவதற்கு ஆங்கிலம், இந்தி ஆகியவற்றுடன் மேலும் ஓர் இந்திய மொழி போதும் என்றது. கருவியின் தடை இவ்வாறு நீங்கிற்று. எம்மொழியில் அனுப்புவது என்னும் தெரிவு அனுப்புவோரிடமே நிற்கிறது.

சட்டத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையர் அரசு அலுவலகங்களுடன் தம் மொழியில் எழுதவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் இடமளித்தது. அது கடிதக் காலத்துச் சட்டம். குடிமகன் முதலில் எழுதினால்தான் அரசு அம்மொழியில் மறுமொழி தரும். அரசு தானே முதலில் அனுப்பும் குறுஞ்செய்தி, பயனாளரின் எண்ணை மட்டுமே அறியும். அவர் மொழியை அறியாது.

எச்சரிக்கையின் மொழி

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த இராஜமலைப் பகுதியில், நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி லயங்கள் மீது மலை சரிந்தது. 70 பேர் மாண்டனர். அவருள் நால்வரின் உடல்கள் கிடைக்கவில்லை. மாண்டோர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர்; பலர்க்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. கனமழையில் மின்சாரம் அற்று, கைப்பேசித் தொடர்பும் அற்றிருந்தமையால் செய்தி மறுநாள் காலையிலேயே வெளியுலகை எட்டியது. மூன்றாம் நான்காம் தலைமுறையாக அம்மலையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1955இல் ஆணையம் நிலையாகத் தங்காத மக்கள் என்று கருதிய சமூகத்தின் வழிவந்தோர். வலையமைப்பின் கணக்கிலும் அவ்விடம் நெடுங்காலம் ஓரமாகவே கருதப்பெற்றது. ஆட்குறைந்த மலையில் கோபுரம் நிறுவுதல் ஆதாயமற்றது என்பது நிறுவனங்களின் பொதுக்கணக்கு.

கோபுரம் இருந்து, மின்சாரம் இருந்து, எச்சரிக்கையும் வந்திருந்தால் அது எம்மொழியில் வந்திருக்கும் என்பதே மொழியியலார் கேட்க வேண்டிய வினா. 2023 அக்டோபரில், கோபுர அலைவட்டத்துள் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறை இரு மாநிலங்களிலும் வெவ்வேறு நாள்களில் சோதிக்கப்பெற்றது. குறுஞ்செய்தி எண்ணை நோக்கிச் செல்வது; இதுவோ இடத்தை நோக்கிச் செல்வது. தேவிகுளத்தில் நிற்கும் கருவி எவ்வட்டத்து எண்ணைக் கொண்டிருப்பினும், தேவிகுளத்துக் கோபுரம் கூறுவதை அது கேட்கும். செய்தியின் மொழியைக் குறிக்கும் குறியீட்டுக்கும் இம்முறையில் இடமுண்டு. எனவே, ஓரிடத்தின் மக்கள் பேசும் மொழியை மாநிலத்தின் மொழியிலிருந்து வேறுபடுத்தி அவ்விடத்துக்கே அனுப்புதல் நுட்ப அளவில் இயலும்.

அவ்வாறு அனுப்புங்கால் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றைக் கூற வேண்டும். மலையாளம் மலைச்சரிவை இரண்டு சொற்களால் பிரிக்கிறது. ‘மண்ணிடிச்சில்’ என்பது மண்திட்டு இடிந்து விழுதல்; சாலையோரத்தில் நிகழ்வது. ‘உருள்பொட்டல்’ என்பது நீர் புகுந்த மலைச்சரிவு உடைந்து, பாறையும் மண்ணும் நீருமாய்ப் பாய்ந்து வருதல். குடியிருப்பையே அடித்துச் செல்வது. முன்னதற்குச் சாலையைத் தவிர்த்தால் போதும். பின்னதற்கு வீட்டை விட்டு வெளியேற வேண்டும். தமிழ் இதழ்கள் இரண்டுக்கும் நிலச்சரிவு என்றும் மண்சரிவு என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. பெட்டிமுடிச் செய்திகளிலும் அவ்வாறே எழுதின. உருள் என்பதும் பொட்டல் என்பதன் வேரும் தமிழர்க்கு அயலானவை அல்ல. மூணாற்றுத் தமிழர்க்கு அச்சொல் கேட்டுப் பழகியதே. பேரிடர்க் கலைச்சொற் பட்டியலில் ‘உருள்பொட்டல்’ என்பதை அவ்வாறே ஏற்று, நிலச்சரிவிலிருந்து வேறுபடுத்திப் பயன்படுத்தலாம். அதைத் தமிழ்நாட்டு வாசகர் முதன்முறை படிக்கும்போது ஒருகணம் தயங்குவர், பெட்டிமுடியில் தயங்கமாட்டார்கள்.